ஆசைக்கு ஏறிய மரம்

எங்கள் பின்வளவில் வேலியோரமாக ஒரு புளியமரம் நிற்கிறது. யாழ்ப்பாணத்து மீசாலையில் அப்பப்பா இந்த வீட்டைக் கட்டியபோதே அது பெரிய மரம் என்று சொல்வார்கள். போன ஆவணி மாதத்தில், என் ஐம்பத்தாறாவது வயதில், அதன் இரண்டாவது கவரில், கொப்புகள் பிரிகிற இடத்தில், ஒரு மணித்தியாலத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு மணித்தியாலத்தை எழுதிவைக்கவேண்டும் என்றுதான் பல இரவுகள் கொப்பியை எடுத்தேன். இலையைப் பற்றி, காற்றைப் பற்றி, அந்த உயரத்தில் மனம் எப்படி அடங்கியது என்பதைப் பற்றி. இரண்டு வரி எழுதுவதற்குள், 1979ஆம் ஆண்டு மாசி மாதத்தில் அதே மரத்தடியில் கேட்ட ஒரு சொல் குறுக்கே வந்து நிற்கும். அதை ஒதுக்கிவிட்டும் எழுதிப் பார்த்தேன். எழுதியது பொய்யாக இருந்தது. ஆகவே அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. மாசியில் புளி செங்காயாக இருக்கும். ஓடு கழன்றும் கழலாமலும், உள்ளே புளிப்பும் இனிப்பும் பிரியாமல் இருக்கும் பருவம். கொக்கத்தடிக்கு எட்டாத உயரத்தில்தான் நல்லவை தொங்கும். பாவாடையைச் செருகிக்கொண்டு ஏறிவிட்டேன். ஏறும்போது கண் மேலே இருக்கிறது, கையும் காலும் கண்ணுக்குப் பின்னால் தாமாகப் போய்விடுகின்றன. இறங்க நினைத்து முதல்முறையாகக் கீழே பார்த்தபோதுதான் நிலம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்தது. இரண்டாவது கவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினேன்.

அம்மா ஓடிவந்தார். பயத்தில் அவருக்குக் குரல் உடைந்திருந்தது. "இறங்கு! பெண்பிள்ளை ஏறினால் மரம் பட்டுப்போகும் என்று எத்தனை தரம் சொன்னேன்? மரமேறி வயிற்றிலா பிறந்தாய் நீ?" என்று கத்தினார். அந்த நேரத்தில் எங்கள் வேலியோரப் பனையிலிருந்து கள்ளுக்குப் பாளை சீவும் மாலை வேலையை முடித்து இறங்கியவர், இடுப்பில் கத்திக்கூடும் கையில் கள்ளு முட்டியுமாகப் பத்தடி தள்ளி நின்றார். மரமேறி என்பது அவருடைய சாதியை இழிவாகச் சொல்லும் பெயர். அம்மா அவரைப் பார்த்த பிறகும் அந்தச் சொல்லைத் திரும்ப எடுக்கவில்லை. திரும்ப எடுக்கவேண்டிய சொல் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. பனையிலிருந்து இறங்கியவர் முட்டியை நிலத்தில் வைத்துவிட்டு மரத்தடிக்கு வந்தார். என்னைத் தொட்டு இறக்க அவருக்கு உரிமை இல்லை. அது அவருக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும், பதினொரு வயதில் எனக்கும் தெரியும். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, சொல்லாலேயே என்னை இறக்கினார். "அழாதே பிள்ளை. வலது காலைக் கீழே விடு. இன்னும் கொஞ்சம். கொப்பை நம்பாதே, கவரை நம்பு. பாதத்தைக் கவருக்குள் கொடு. இப்போது இடது கை." அப்படிப் படிப்படியாக நிலத்துக்கு வந்து சேர்ந்தேன்.

பிறகு அவர் தண்ணீர் கேட்டார். அம்மா செம்பில் கொண்டுவந்து, உயர்த்திப் பிடித்து, அவருடைய குவித்த கைகளில் ஊற்றினார். அவர் குனிந்து குடித்தார். அந்தக் கைகளின் உட்புறம் பனம்பட்டை போலவே கறுத்துக் காய்த்திருந்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவருக்கு அப்போது முப்பத்துநான்கு வயது இருக்கும். நான் அவரைப் பெயர் சொல்லி, "நீ" என்றுதான் அழைத்துவந்தேன்.

அதற்குப் பிறகு நான் மரம் ஏறவில்லை. அடுத்த வருடம் பெரியபிள்ளையாகிவிட்டேன். பிறகு அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் அந்தச் சொல் மட்டும் என்னோடு வந்தது. நாங்கள் பாடசாலையில் "பனையின் பயன்கள்" என்று கட்டுரை எழுதி வளர்ந்தவர்கள். கற்பகதரு என்று தொடங்குவோம். நுங்கு, பனாட்டு, ஒடியல், பனங்கட்டி, கிழங்கு, ஓலை, வளை, சிலாகை என்று ஒன்றும் விடாமல் எழுதுவோம். 1978இல் பனை அபிவிருத்திச் சபையும் அமைக்கப்பட்டுவிட்டது. பனை நாட்டின் செல்வம் என்று ஆசிரியர்கள் சொன்னார்கள். ஆனால் அந்த மரத்தின் உச்சிக்குப் போய்வருகிறவரைப் பற்றி அந்தக் கட்டுரைகளில் ஒரு வரியும் இருந்ததில்லை. மரத்துக்குக் கற்பகதரு என்று பெயர் வைத்த அதே வாய்தான் ஏறுகிறவருக்கு அந்தப் பெயரையும் வைத்தது. இதைப் பல வருடங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பித்த பிறகுதான் நான் கவனித்தேன் என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது.

பெறாமகளின் கயிறு

அக்கா 1980களில் ஜேர்மனிக்குப் போனவர். அங்கேயே பிறந்து வளர்ந்த அவருடைய மகள் நல்லூர்த் திருவிழாவுக்கென்று வந்து ஐந்து வாரங்கள் என்னோடு தங்கினாள். வந்த இரண்டாம் நாள் பின்வளவுக்குப் போனவள் அரை மணித்தியாலமாகத் திரும்பவில்லை. போய்ப் பார்த்தால் புளியைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருக்கிறாள். வேரடியைக் குனிந்து பார்க்கிறாள், பட்டையைத் தடவுகிறாள், அண்ணாந்து காய்ந்த கொப்புகளை எண்ணுகிறாள். "சித்தி, இதில் ஏறலாமா?" என்று கேட்டாள். கேட்டவிதம் கோயிலுக்குள் போகலாமா என்று கேட்பது போல இருந்தது.

அவளுடைய பெரிய பையில் பாதி இடத்தைக் கயிறுதான் பிடித்திருந்தது. அங்கே வார இறுதிகளில் காட்டுக்குப் போய்ப் பெரிய மரங்களில் கயிறு போட்டு ஏறுவார்களாம். பழம் பறிக்க அல்ல, கிளை வெட்டவும் அல்ல. ஏறி, மேலே இருந்துவிட்டு, இறங்கி வருவதற்காகவே. சிலர் உச்சியில் தொங்குபடுக்கை கட்டி இரவில் தூங்குவதும் உண்டாம். அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்தில் பீட்டர் ஜென்கின்ஸ் என்பவர், பாறை ஏறிப் பழகிப் பிறகு மரவேலைக்கு வந்தவர், 1983இல் மரமேறுவோருக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கிப் பொதுமக்களுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். அங்கிருந்து பல நாடுகளுக்கும் இந்தப் பழக்கம் பரவியது. 1983 என்ற எண்ணை அவள் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போனாள். எங்களுக்கு அந்த எண் வேறு ஒன்று, ஆடிக் கலவரத்தின் எண். நான் அதைச் சொல்லவில்லை.

அவர்களுடைய முதல் விதி எனக்குப் பிடித்திருந்தது. மரத்தைக் காயப்படுத்தக்கூடாது. காலில் ஆணி கட்டி ஏறுவது கூடாது, ஏனென்றால் ஒவ்வொரு மிதியும் பட்டைக்குக் கீழே இருக்கும் உயிருள்ள பகுதியைத் துளைக்கும். கயிறு கொப்பில் உரசிப் பட்டையைத் தின்றுவிடாதபடி இரண்டு வளையங்கள் கோத்த ஒரு பட்டியை முதலில் மேலே அனுப்பி, அதற்குள்ளால்தான் கயிற்றை ஓடவிடுவார்கள். முதலில் ஈயக்குண்டு நிரப்பிய கைப்பிடியளவு பை ஒன்றை மெல்லிய நூற்கயிற்றில் கட்டி, ஊஞ்சல் போல ஆட்டி, வேண்டிய கொப்புக்கு மேலால் எறிகிறார்கள். அது மறுபக்கம் விழுந்ததும் அந்த நூலில் பெரிய கயிற்றைக் கட்டி இழுக்கிறார்கள். கயிற்றின் ஒரு முனை இடுப்பையும் தொடைகளையும் தாங்கும் வார்ப்பட்டியில் இருக்கும். மறுபாதியில் ஒரு முடிச்சு. பிளேக் முடிச்சு என்றாள். கையால் மேலே தள்ளினால் நகரும். உடற்பாரம் விழுந்தால் இறுகிக் கயிற்றைக் கவ்விக்கொள்ளும். ஒரு சாண் தள்ளு, உட்கார், மறுபடி ஒரு சாண் தள்ளு. அவ்வளவுதான் ஏற்றம்.

அவள் அந்த முடிச்சைக் காட்டியபோது எனக்குத் தளைநார்தான் நினைவுக்கு வந்தது. பனை மட்டை நாரில் முறுக்கிய ஒரு வளையம், இரண்டு பாதங்களுக்கும் இடையில். அதுவும் பாரம் விழும்போது மரத்தை இறுக்கும், பாரம் எடுக்கும்போது விடும். அதைக் கண்டுபிடித்தவர் யார் என்று எங்கேயும் எழுதியில்லை. பிளேக்கின் பெயர் மட்டும் முடிச்சில் இருக்கிறது.

எறும்பு வரிசை

அன்று மாலை அவள் மூன்றாவது எறிதலிலேயே மேற்குப் பக்கத்துப் பெரிய கொப்புக்கு மேலால் நூலைப் போட்டுவிட்டாள். தொடைத் தடிப்பமான கொப்பு. இருவரும் சேர்ந்து கயிற்றில் தொங்கிப் பார்த்தோம், அசையவில்லை. கீழே இருந்து எட்டிய மட்டும் மரச்சுத்தியலால் தட்டியும் பார்த்தாள். அவளுக்குத் திருப்தி.

அப்போதுதான் படலைக்கு வெளியே ஒருவர் நிற்பதைக் கண்டேன். ரீச்சர் வீட்டுப் புளியில் யாரோ வெளிநாட்டுக் கயிறு கட்டுகிறார்கள் என்று ஒழுங்கைப் பிள்ளைகள் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். எண்பதை நெருங்கிய வயது. முதுகு கொஞ்சம் வளைந்திருந்தது, நெஞ்சின் நடுவில் மரம் உரசிய காய்ப்பு இன்னும் மாறவில்லை. இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறார். கோயிலடியிலும் சந்தையிலும் காண்போம், தலையசைத்துக்கொள்வோம். ஆனால் எங்கள் படலையைத் தாண்டி அவர் வந்து எத்தனையோ வருடங்களாகிவிட்டன. போய்த் திறந்து, "உள்ளே வாருங்கள் ஐயா" என்றேன். அவரை ஐயா என்று நான் அழைத்தது அதுதான் முதல் தடவை. அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை. கண் மரத்தில் இருந்தது.

நேரே மரத்தடிக்குப் போய், கயிறு போகும் வழியைக் கண்ணால் தொடர்ந்து, "அந்தக் கொப்பு வேண்டாம்" என்றார்.

பெறாமகள் தான் தட்டிப் பார்த்ததைச் சொன்னாள். அவர் மறுக்கவில்லை. அடிமரத்தில் விரலை வைத்தார். கறுத்த எறும்பு வரிசை ஒன்று மேலே போய்க்கொண்டிருந்தது. விரலாலும் பிறகு கண்ணாலும் அதைத் தொடர்ந்தார். வரிசை முதலாவது கவரைத் தாண்டி, மேற்குக் கொப்பின் அடிப்பக்கத்துக்குச் சுற்றிப்போய், அங்கே காணாமற்போனது. "உணவுக்குப் போகிற எறும்பு இலைக்குப் போகும். இது மரத்துக்குள் போகிறது. உள்ளே வீடு இருக்கிறது" என்றார். பிறகு, "2000ஆம் ஆண்டு செல் விழுந்தபோது அதில்தான் பட்டது" என்றார்.

அந்த வருடம் போரில், எறிகணைகளுக்குப் பயந்து, எங்கள் தென்மராட்சிப் பகுதி முழுவதும் ஓடிவிட்டது. சாவகச்சேரி இடிந்து கிடந்தது. 2002இல், சமாதானம் என்று சொன்ன காலத்தில், நாங்கள் திரும்பி வந்தபோது கண்ணுக்கு முதலில் தெரிந்தது தலையில்லாத பனைகள். வானத்தைப் பார்த்தபடி வெறும் கம்பங்களாக வரிசையாக நின்றன. காப்பரண்களுக்கென்று எத்தனையோ பனை அதற்கு முன்பே தறிக்கப்பட்டிருந்தது. அவர் எங்களுக்கு முன்னரே திரும்பி, மிஞ்சிய பனைகளில் சீவத் தொடங்கியிருந்தார். அப்போதே எங்கள் புளியைப் பார்த்திருக்கிறார். நான் அந்த மரத்தின் கீழ் இருபது வருடத்துக்கு மேலாகச் சருகு கூட்டுகிறேன். எனக்குத் தெரியாது.

அவள் வேறொரு கயிற்றில் ஏறிப் பக்கவாட்டாகப் போய் அந்த இடத்தைத் தட்டினாள். கீழே நின்ற எங்களுக்கே கேட்டது, வெறும் பெட்டியைத் தட்டுவது போன்ற ஓசை. பட்டை உருண்டு மடிந்து மூடிய வடுவுக்குள் துருப்பிடித்த சன்னம் ஒன்றின் விளிம்பு தெரிவதாகச் சொன்னாள். இறங்கிவந்து, மரங்களின் காயத்தைப் பல வருடங்கள் அறுத்து அறுத்து ஆராய்ந்த அலெக்ஸ் ஷைகோ என்ற அமெரிக்கரைப் பற்றிச் சொன்னாள். நமது தோல் ஆறுவது போல மரம் ஆறுவதில்லையாம். கெட்ட பகுதியை அது திருப்பிச் சரிசெய்யாது. அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, வெளியே புதிதாக வளரும். அதனால் வெளியே தடித்து நிற்கும் கொப்பு உள்ளே கோறையாக இருக்கலாம். பெரியவர் கவனமாகக் கேட்டார். "அதனால்தான் வடக்கில் மரக்காலைக்காரர் வளவு மரத்தை வாங்கப் பயப்படுகிறார்கள். உள்ளே சன்னத்தில் பட்டு வாள் முறியும்" என்றார். இருவரும் ஒரே தொழிலைப் பற்றிப் பேசுகிறவர்கள் போல இருந்தார்கள். அவள் அவரிடம் மேலும் மேலும் கேட்டாள். முருங்கை ஏன் சொல்லாமல் முறிகிறது, புளி ஏன் வளைந்து காட்டுகிறது, மழைக்குப் பிறகு எந்தப் பட்டை வழுக்கும். நாற்பது வருடங்கள் ஆசிரியையாக இருந்திருந்தாலும் அந்தக் கேள்விகளில் ஒன்றைக்கூட நான் அவரிடம் கேட்டிருக்கமாட்டேன்.

பிறகு அவர் கேட்டார். "மேலே என்ன இருக்கிறது? எதை எடுக்க ஏறுகிறீர்கள்?"

"ஒன்றும் எடுக்கவில்லை, தாத்தா. சும்மா இருந்துவிட்டு இறங்குவோம். மரத்தோடு இருக்க ஆசை."

நான் அந்த நேரத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபம் இல்லை. யோசித்து, சொல்லைத் தேடிச் சொன்னார். "நாற்பத்திரண்டு வருடம் ஏறினேன். ஒருநாளும் ஆசைக்கு ஏறியதில்லை." காலையும் மாலையும் பதினைந்து பனை என்றார். பாளை தொடங்கிவிட்டால் காய்ச்சல் என்று படுக்க முடியாது. ஒருநாள் சீவாமல் விட்டால் பாளை அடைத்துவிடும். நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஒரு பனை நாற்பது அடி என்றாலும் நாளுக்கு ஆயிரத்து இருநூறு அடி ஏற்றம், அதே அளவு இறக்கம். வாதுவை, களுத்துறைப் பக்கம் தென்னைகளுக்கு இடையில் கயிறு கட்டி, ஒரு மரத்திலிருந்து மற்ற மரத்துக்கு வானத்திலேயே நடந்து போவதைப் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கம் ஒவ்வொரு பனையாக ஏறி இறங்கத்தான் வேண்டும். "என் தமையன் ஒரு பங்குனியில் விழுந்தார். காவோலை மட்டையைப் பிடித்திருக்கிறார், அது கையோடு வந்துவிட்டது. அன்றைக்குத்தான் என் பிள்ளைகளில் ஒருவரையும் ஏறவிடுவதில்லை என்று முடிவெடுத்தேன். விடவும் இல்லை." அதைச் சொல்லும்போது அவர் நிமிர்ந்து நின்றார்.

"கொஞ்ச நேரம் இந்தப் பட்டியில் இருந்து பார்க்கிறீர்களா, தாத்தா? நாங்கள் இழுக்கிறோம்" என்று பெறாமகள் ஆசையோடு கேட்டாள்.

"வேண்டாம் பிள்ளை. நிலத்தில் நிற்கத்தான் எனக்கு ஆசை" என்றார்.

இந்த ஒரு பதிலோடுதான் நான் இத்தனை நாளும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். மரமேறினால் இயற்கையோடு நெருக்கம் வரும் என்று பெறாமகள் சொல்வது பொய்யல்ல. அது உண்மை என்று அடுத்த மணித்தியாலத்தில் என் உடம்பு கண்டுகொண்டது. ஆனால் இந்த மண்ணில் மரத்தோடு அவ்வளவு நெருக்கமாக இருந்தவர்களை, அந்த நெருக்கத்துக்காகவே தள்ளிவைத்தோம். அவர்கள் மரத்திலிருந்து இறங்கியதுதான் அவர்களுக்கு விடுதலை. இப்போது நாங்கள் தலைக்கவசம் போட்டுக்கொண்டு ஏறுகிறோம். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லாமல் யாழ்ப்பாணத்தில் மரமேறும் ஆனந்தத்தைப் பற்றி எழுதக்கூடாது என்று நினைக்கிறேன். அதே நேரத்தில், அந்த ஆனந்தத்தை எழுதாமல் விடுவதும் சரியில்லை. பெண்பிள்ளைகள் என்று எத்தனை பேரை மரத்திலிருந்து இறக்கினோம்? சாதியும் சடங்கும் சேர்ந்து எங்கள் கைகளுக்கு மரத்தையே மறக்கச் செய்துவிட்டன.

ஆகவே அந்த ஏற்றத்தையும் எழுதுகிறேன்.

கயிறு கிழக்குக் கொப்புக்கு மாறியது. கொப்பை அவர் காட்டினார், அவள் எறிந்தாள். ஒரு சாண், ஒரு சாண். பத்தடியில் மூச்சு வாங்கியது. முடிச்சு கவ்விக்கொள்ள அப்படியே தொங்கி இளைப்பாறினேன். கயிற்றில் ஏறினாலும் கை அடிக்கடி மரத்தைத் தேடிப் போனது. புளியின் பட்டை தூரத்தில் ஒரே கறுப்பாகத் தெரியும். முகத்துக்கு நேரே அது சின்னச் சின்னப் பாளங்களாக வெடித்து, வெடிப்புகளுக்குள் சாம்பலும் பச்சையுமாகப் பாசி பிடித்து, ஒவ்வொரு பாளத்திலும் ஏதோ ஓர் உயிர் குடியிருந்தது. நல்லவேளை, புளியில் முசுறு எறும்பு அதிகம் கூடு கட்டுவதில்லை. மாமரமாக இருந்தால் அந்த இடத்திலேயே இறங்கியிருப்பேன். இருபத்தைந்து அடியில் இரண்டாவது கவர். காலைத் தூக்கி உள்ளே வைத்தேன், பாதம் பொருந்தியது. பதினொரு வயதில் கட்டிப்பிடித்த இடம். இப்போது கட்டிப்பிடிக்க இரண்டு கையும் போதவில்லை. நானில்லாத காலத்தில் அது வளர்ந்திருந்தது.

உட்கார்ந்த பிறகுதான் மரம் அசைகிறது என்று தெரிந்தது. கீழே நிற்கும்போது அடிமரம் அசையாது, கொப்புகள்தான் ஆடுகின்றன என்றே நினைத்திருந்தேன். சோளகக் காற்று முதலில் தெற்கே பனங்கூடலில் விழும். காவோலைகள் படபடவென்று அடித்துக்கொள்வது கேட்கும். அந்த ஓசை வளவு வளவாகத் தாண்டி நெருங்கி வரும். பிறகு ஒரு கணம் ஒன்றும் இருக்காது. அதன்பின் நான் இருந்த கவர், மிக மெதுவாக, ஒரு விரற்கடை அளவு, ஒரு பக்கம் போய்த் திரும்பி வரும். முதல் இரண்டு தடவை வயிறு கலங்கியது. மூன்றாவது தடவை என் மூச்சு அதற்கேற்றபடி நீண்டுவிட்டது. அதை நான் செய்யவில்லை.

எதிரே ஒரு பனை. 2002இல் திரும்பி வந்தபோது வடலியாக நின்றது. இப்போது அதன் வட்டு, ஓலைகள் விரியும் உச்சி, என் கண்ணுக்கு நேரே இருந்தது. பனையின் வட்டை நேருக்கு நேர் பார்ப்பது என் வாழ்நாளில் முதல்முறை. வளைந்து தொங்கிய ஓலையின் அடிப்பக்கத்தில் ஒரு சிறங்கை அளவும் இல்லாத சின்னக் கூடு. பனை உழவாரன், எச்சிலால் பஞ்சையும் இறகையும் ஒட்டிக் கட்டுவது. குருவிகள் ஓலை மடிப்புக்குள் வேகமாகப் புகுந்து, ஒட்டிக்கொண்டு, அடுத்த கணமே கீழே விழுவது போல வெளியேறின. இந்தப் பறவைகள் எங்கள் கூரைக்கு மேலே பறப்பதைத் தினமும் பார்க்கிறேன். அவை எங்கே இருந்து வருகின்றன என்று ஒருநாளும் நினைத்ததில்லை. அவர் நாற்பத்திரண்டு வருடமும் அவற்றின் பக்கத்தில் முகத்தை வைத்துத்தான் பாளை சீவியிருப்பார்.

வெயில் இறங்கியது. புளியின் சிற்றிலைகள் ஒவ்வொரு சோடியாக முகம் கூட்டி மடியத் தொடங்கின. கீழிருந்து பார்த்தால் மரம் மாலையில் கொஞ்சம் மெலிந்துவிட்டது போல் தோன்றுமே, அது இதுதான். நிழலில் இருந்த கொப்பு முதலில் மடிந்தது. என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்த இலைக்கொத்து கடைசியில்தான் மடிந்தது. அது முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் எனக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. அம்மாவை நினைத்தேன், கோபமில்லாமல். அவருக்கும் இப்படி ஒரு மாலை கிடைத்திருக்கலாம்.

இறங்கிவந்தபோது அவர் இன்னும் அங்கே நின்றார். கை நடுங்க வார்ப்பட்டியைக் கழற்றிக்கொண்டே சொல்லிவிட்டேன். "ஐயா, 1979இல் நான் இந்த மரத்தில் மாட்டிக்கொண்டபோது நீங்கள்தான் இறக்கினீர்கள். அம்மா அன்றைக்கு ஒரு சொல் சொன்னார். நீங்கள் கேட்டுக்கொண்டு நின்றீர்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அது..."

"எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை ரீச்சர்" என்றார், நான் முடிப்பதற்கு முன்பே.

விறாந்தையில் கதிரை போட்டேன், உட்கார்ந்தார். தேநீர் கொடுத்தேன், எங்கள் கோப்பையில். ஒரு மனிதருக்குக் கதிரையும் கோப்பையும் கொடுத்ததை ஒரு செயல் போல எழுதவேண்டியிருப்பதே எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் அந்த வீட்டில் அது அன்றுவரை நடக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை

பெறாமகள் புறப்படுவதற்கு முந்திய ஞாயிறு அவர் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வந்தார். பத்து வயது. கயிற்றைப் பற்றிக் கேள்விப்பட்டதிலிருந்து வீட்டில் ஒரே பிடிவாதமாம். "பிள்ளைகளை ஏறவிடுவதில்லை என்றீர்களே, ஐயா" என்றேன். "சீவ விடவில்லை. இது விளையாட்டுத்தானே. கயிறு நல்ல கயிறு" என்றார். ஆனால் கயிற்றை அவரே ஒருமுறை முழுவதும் கையில் ஓடவிட்டுப் பார்த்தார். முடிச்சை இழுத்துப் பார்த்தார். எறும்பு வரிசையையும் பார்த்தார்.

சிறுமி ஏறிய வேகத்தைப் பார்த்துப் பெறாமகளே வாய்பிளந்து நின்றாள். பாதி வழியில் கயிற்றை மறந்துவிட்டு மரத்தையே பிடித்து ஏறத் தொடங்கினாள். கயிறு பின்னால் காவலுக்கு மட்டும் போனது. அவர் அண்ணாந்தபடி, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "அவசரப்படாதே. இடது காலை எடுத்து வை. கொப்பை நம்பாதே, கவரை நம்பு." நான் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். இருபத்தைந்து அடியில் சிறுமி தயங்கியபோது, குரலை உயர்த்தி, "அந்தக் கவரில் பயமில்லாமல் இரு. ரீச்சர் உன் வயதில் அதில்தான் இருந்து அழுதவர். நல்ல இடம், விழாது" என்றார்.

சொன்ன பிறகு அவர் என் பக்கம் திரும்பவில்லை. நானும் திரும்பவில்லை. இருவரும் மேலே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அவள் அந்தக் கவரில் இருந்து இளைப்பாறிவிட்டு, நான் போகாத உயரத்துக்கு இன்னும் ஒரு கவர் போனாள். இலைகளுக்கு இடையில் சட்டையின் மஞ்சள் நிறம் மட்டும் தெரிந்தது.

"என்ன தெரிகிறது?" என்று கத்திக் கேட்டேன்.

சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு குரல் வந்தது. "எங்கள் வீட்டுக் கிணறு தெரிகிறது. அப்பப்பாவின் சைக்கிள் தெரிகிறது. ரீச்சர், உங்கள் குசினிக் கூரையில் பின்பக்கம் நாலு ஓடு உடைந்திருக்கிறது."

மழைக்கு இன்னும் ஒரு மாதந்தான் இருந்தது. அடுத்த நாளே ஓட்டுக்குச் சொல்லி அனுப்பினேன்.